30 இருக்கை என்னும் குழப்பம்: சாயாக்கடையிலும் பாரிலும் புகைத் தடை எப்படிப் பொருந்துகிறது?

நாகர்கோவில் வடசேரியில் தொடங்கி தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வரை போகும் சாலையில் ஓட்டல்களுக்கும் சாயாக்கடைகளுக்கும் பஞ்சமில்லை. சிவப்பு வட்டத்துக்குள் சிகரெட் படம் போட்ட பலகை பல கடைகளில் இருக்கிறது. பலகைக்கு இரண்டடி தள்ளி, நூலில் கட்டிய லைட்டர் ஒன்றும் தொங்கும். பலகை தொங்குவதும் சட்டத்தால்தான், லைட்டர் தொங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

கடைக்காரர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் பொதுவாகக் கேட்கும் பேச்சு மூன்று வகைப்படும்.

1. 30 பேர் உட்காரும் பெரிய இடங்களுக்குத்தான் இந்தத் தடை. சின்னக் கடைக்குக் கிடையாது.
2. பார் இதில் வராது. மது குடிக்க அரசே உரிமம் கொடுத்த இடத்தில் பீடிக்கு என்ன தடை?
3. கடைக்கு வெளியே நின்று பிடித்தால் குற்றமில்லை, அது வெட்டவெளி.

முதல் இரண்டும் முழுத் தவறு. மூன்றாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் கடைக்காரர் நினைக்கும் இடத்தில் அது இல்லை.

தடை வந்த வழி

இந்தக் கதையில் குமரி மாவட்டத்துக்குப் பக்கத்து வீட்டு உறவு உண்டு. 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டம் எதையும் அது எதிர்பார்த்து நிற்கவில்லை. பிறர் சுவாசிக்கும் காற்றைக் கெடுப்பது அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே குற்றமாக இருந்தது. உயிர் வாழும் உரிமையைக் கூறும் அரசியலமைப்பின் 21-வது பிரிவும் இதில் மீறப்படுகிறது என்பது நீதிமன்றத்தின் வாதம். அதன்பின் சுமார் இரண்டேகால் ஆண்டுகள், களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு மேற்கே ஒரு நிலை, கிழக்கே வேறொரு நிலை. ஒரே பஸ் பயணத்தில் இரண்டு சட்ட நிலைமைகள்.

2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொது இடப் புகைத் தடையை விதித்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஆனால் அந்த உத்தரவு எண்ணிச் சொன்ன பட்டியலில் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பொது வாகனம், அரங்கம் ஆகியவை இருந்தன. ஓட்டலும் பாரும் இல்லை. 'சாப்பாட்டுக் கடைக்குத் தடையில்லை' என்ற பழைய நம்பிக்கைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு தமிழ்நாடு 2002-ஆம் ஆண்டின் புகைபிடித்தல் மற்றும் எச்சில் துப்புதல் தடைச் சட்டத்தை இயற்றியது. நாடாளுமன்றம் 2003-இல் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. செய்தித்தாள்களில் 'கோட்பா' என்று வருவது இதுதான். இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. அதைக் கடைக்கு ஏற்றபடி விரித்துச் சொன்னவை 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று நடைமுறைக்கு வந்த விதிகள். கீழே வரும் பெரும்பாலான விவரங்கள் அந்த விதிகளில் உள்ளவை.

'உணவகம்' என்றால் எது?

சட்டத்தில் ஒரு சொல்லுக்குத் தரும் விளக்கமே பாதிச் சட்டம். இங்கே மூன்று சொற்களைப் பார்த்தால் போதும்.

பொது இடம்: மக்கள் உரிமையாகவோ அனுமதியின் பேரிலோ வந்துபோகும் எந்த இடமும். சட்டம் உணவகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வெட்டவெளி இதில் சேராது.

உணவகம்: பணத்துக்கோ வேறு பயனுக்கோ உணவோ பானமோ கொடுத்து, அங்கேயே சாப்பிடவும் குடிக்கவும் வைக்கும், பொதுமக்கள் நுழையக்கூடிய எந்த இடமும். காப்பிக் கடை, கேன்டீன், விருந்துக் கூடம், பப், பார் எல்லாம் இதில் அடக்கம் என்று 2008 விதிகள் பட்டியலே போட்டுவிட்டன. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சாயாக்கடையும், நாஞ்சில் நாட்டு டீக்கடையும், டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரும் ஒன்று விடாமல் இதற்குள் வருகின்றன. இரண்டாவது பேச்சு இத்துடன் முடிந்தது. மது உரிமம் மதுவுக்கு மட்டும். அது புகைக்கும் சேர்த்துக் கொடுத்த உரிமம் ஆகாது.

ஓட்டல்: இங்கேதான் தமிழ் நம்மைத் தடுக்கிவிடுகிறது. நாம் ஓட்டல் என்றால் இட்லி, பரோட்டா கிடைக்கும் இடம். சட்டத்தில் அது அறை எடுத்துத் தங்கும் விடுதி. கன்னியாகுமரிக் கடற்கரைத் தெருக்களில் உள்ள 'லாட்ஜ்' சட்டத்தின் கண்ணில் ஓட்டல். நாம் ஓட்டல் என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் உணவகம். '30 அறை', '30 இருக்கை' என்று சட்டம் தனித்தனியாகச் சொல்வதை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இதனால்தான்.

30 என்ற எண் எதற்கு?

4-வது பிரிவு முதலில் எல்லாப் பொது இடத்திலும் புகையைத் தடுக்கிறது. அதன் பிறகு ஒரு சிறு விலக்கைச் சேர்க்கிறது: 30 அறைகள் கொண்ட விடுதி, 30 பேர் அல்லது அதற்கு மேல் உட்காரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகிய மூன்றும், விரும்பினால், புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம்.

அதாவது 30 என்பது சலுகை தொடங்கும் கோடு. தடை தொடங்கும் கோடு அன்று. நான்கு பெஞ்சு போட்ட சாயாக்கடைக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. அங்கே தடை முழுமையானது. மக்கள் பேச்சில் விதி அப்படியே தலைகீழாகிவிட்டது.

பெரிய உணவகத்துக்குக் கிடைக்கும் சலுகையும் சும்மா வருவதில்லை. மூலையில் நாலு மேஜையைத் தள்ளிப் போட்டு 'ஸ்மோக்கிங்' என்று எழுதிவிட்டால் ஆகாது. விதி கேட்பவை:

1. நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை சுவர்.
2. தானாக மூடிக்கொள்ளும் கதவு. அது சாதாரணமாக மூடியே இருக்க வேண்டும்.
3. உள்ளிருக்கும் காற்று நேராக வெளியே போக வேண்டும். கட்டடத்தின் மற்றக் காற்றோடு கலக்கக் கூடாது.
4. அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும், புகை வெளியே வராது.
5. கடையின் நுழைவாயிலிலோ வெளிவாயிலிலோ இந்த அறை இருக்கக் கூடாது.
6. அங்கே புகைப்பது தவிர வேறு எதுவும் நடக்கக் கூடாது. உணவோ மதுவோ பரிமாறக் கூடாது. 2017-இல் வந்த திருத்தம் இதை ஐயமில்லாமல் சொல்லிவிட்டது.

ஆறாவது நிபந்தனையை ஒரு முறை நிதானமாகப் படித்தால், 'புகைக்கலாம் பார்' என்று ஒன்று சட்டப்படி இருக்கவே முடியாது என்பது புரியும். கிளாஸ் வைத்த மேஜையும் சாம்பல் கிண்ணமும் ஒரே அறையில் இருந்தால், அந்த அறை எவ்வளவு பெரிய விடுதியில் இருந்தாலும் அது விதிமீறல்.

வெட்டவெளி எங்கே தொடங்குகிறது?

சட்டம் வெட்டவெளியை விலக்கியது உண்மை. 2008 விதிகள் அந்த விலக்கை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தன.

ஒன்று, பஸ் நிறுத்தம், பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம், திறந்தவெளி அரங்கம் போன்று மக்கள் கூடும் இடங்கள் கூரை இல்லாவிட்டாலும் வெட்டவெளியாகா. வடசேரி பஸ் நிலையத்தில் மேற்கூரைக்கு வெளியே வந்து நின்றாலும் தடை தொடர்கிறது. நாகர்கோவில் சந்திப்பில் ரயில் ஏறினால் 1989 ரயில்வே சட்டத்தின் 167-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும். அதில் அபராதம் 100 ரூபாய் வரை.

இரண்டு, உணவகம் என்ற சொல்லுக்குள் அதைச் சுற்றியுள்ள திறந்த இடமும் அடங்கும். கடை வாசல், முன்னால் இழுத்துக் கட்டிய தார்ப்பாய் நிழல், பின்பக்கம் கை கழுவும் இடம், பாரை ஒட்டிய தகரக் கொட்டகை எல்லாம் கடைதான். டீ கிளாஸோடு வாசலில் நின்று பீடி பற்றவைப்பவர் வெளியே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். சட்டம் அவரை உள்ளே இருப்பவராகவே பார்க்கிறது.

அப்படியானால் முக்கடல் சங்கமத்தில், விடியும் நேரத்துக் கூட்டத்தில்? கடற்கரை விதியில் பெயர் சொல்லப்படவில்லை. 'அவை போன்ற பிற இடங்கள்' என்று விதி விட்டுவைத்த சொற்றொடரை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகில் அந்த ஐயம் இல்லை. அது பொது வாகனம். மணலில் ஒருவர் பற்றவைப்பது வாதத்துக்குரியது, பத்தடி தள்ளியிருக்கும் டீக்கடை வாசலில் பற்றவைப்பது விதிமீறல்.

காற்று கொண்டுபோய்விடாதா?

முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு முன்னால் ஒரு பீடிப் புகை எம்மாத்திரம்?

முதலில், பிறர் மேல் படும் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். புகைப்பவர் இழுத்து வெளியே விடுவது அதில் சிறு பகுதி. பெரும் பகுதி, இரண்டு இழுப்புகளுக்கு இடையே விரலிடுக்கில் சும்மா கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து கிளம்புகிறது. இழுக்கும்போது நுனி அதிகச் சூட்டில் எரிகிறது. சும்மா இருக்கும்போது சூடு குறைவு, எரிவது அரைகுறை. அரைகுறையாக எரியும் விறகு அதிகம் புகைவது போலத்தான் இதுவும். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன; அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதையே புற்றுநோய்க் காரணியாக, அதுவும் உறுதிப்பட்ட முதல் வகையில் சேர்த்தது.

இந்தப் புகைத் துகள்கள் மிக நுண்மையானவை. மூக்கு மயிரில் சிக்காமல் நுரையீரலின் அடி வரை போகக்கூடியவை. திறந்த இடத்தில் காற்று அவற்றை விரைவில் கலைத்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2007-இல் வெளியிட்ட அளவீடுகளில், சிகரெட் எரியும் நேரத்தில் மிக அருகில் இருப்பவர், வெட்டவெளியிலும் வீட்டுக்குள் இருப்பவருக்கு நிகரான புகையைச் சுவாசிக்க நேரலாம் என்று தெரியவந்தது. சிகரெட் அணைந்ததும் அளவு சட்டென்று இறங்கிவிடும். சாயாக்கடை வாசலில் ஒருவர் அணைக்கும்போது அடுத்தவர் பற்றவைத்திருப்பார்.

கூரைக்குக் கீழே நிலைமை வேறு. மின்விசிறி புகையை வெளியேற்றுவதில்லை. ஒரு மேஜையின் புகையை எல்லா மேஜைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஸ்பிளிட் ஏசி அதைவிட மோசம். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையின் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வடிகட்டி கொஞ்சம் தூசியைப் பிடிக்கும், வாயுக்களைப் பிடிக்காது. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமே, அதாவது காற்றோட்டக் கருவிகளைத் தொழிலாகக் கொண்டவர்களே, 2005-இல் இதை ஒப்புக்கொண்டார்கள்: உள்ளே புகைப்பதை நிறுத்துவது தவிர இந்த ஆபத்தை நீக்கும் வழி காற்றோட்டத்தில் இல்லை. கருவி விற்பவர் 'என் கருவியால் முடியாது' என்று சொன்னால் அதை நம்பலாம்.

சட்டம் யாருக்காக?

தடையை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் பெரும்பாலும் வாடிக்கையாளரைப் பற்றியே பேசுகிறார்கள். புகைப்பவரின் சுதந்திரம், பக்கத்து மேஜைக் குடும்பத்தின் சங்கடம். 'பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகட்டும்' என்பது அந்த வாதத்துக்குக் கிடைக்கும் பதில். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அது அப்படியொன்றும் முட்டாள்தனமான பதிலன்று.

அந்தப் பதில் செல்லாத ஒருவர் கடைக்குள் இருக்கிறார். வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். சப்ளையரும் மேஜை துடைப்பவரும் பத்து மணி நேரம் அங்கேயே இருப்பார்கள். டாஸ்மாக் பாரில் சுண்டல் தட்டு கொண்டுவருபவர் ஒவ்வொரு மேஜையின் புகையையும் தனித்தனியாகச் சுவாசிக்கிறார். 'வேறு கடைக்குப் போ' என்றால் அவருக்கு அது 'வேறு வேலைக்குப் போ' என்று பொருள். இப்போது இந்த வேலைகளில் பலர் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்; புகார் சொல்லும் நிலையில் இருப்பவர்கள் அல்லர்.

உலக அளவில் பார்களுக்குத் தடை வந்த வழியும் இதுதான். 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து தன் மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகையைத் தடுத்தது. நாடு முழுவதற்குமான அத்தகைய முதல் தடை அது. அங்கே அது தொழிலாளர் உடல்நலத்தைக் காக்கும் நடவடிக்கையாக வந்தது. ஒழுக்கப் பிரச்சாரமாக வரவில்லை. 2006-இல் ஸ்காட்லாந்து பின்தொடர்ந்தது. அங்கே ஒன்பது மருத்துவமனைகளில் தடைக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்ததில், கடும் இதய நோயோடு சேர்க்கப்பட்டவர்கள் 17 விழுக்காடு குறைந்திருந்தார்கள். எல்லா நாட்டிலும் குறைவு இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் பிறர் புகை இதய நோய் அபாயத்தை 25 முதல் 30 விழுக்காடு வரை கூட்டுகிறது என்ற அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கையோடு அந்தத் திசை பொருந்துகிறது.

நம் நாட்டில் அளவு எவ்வளவு? 2016-17-இல் எடுக்கப்பட்ட பெரியோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் 30.2 விழுக்காட்டினர் பணியிடத்தில் பிறர் புகையைச் சுவாசித்தார்கள். வீட்டில் சுவாசித்தவர்கள் 38.7 விழுக்காடு. வீட்டுக்குள் இந்தச் சட்டம் நுழையாது; தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்குள்ளும் நுழையாது. அது பணியிடம்தான், ஆனால் பொதுமக்கள் வந்துபோகும் இடம் அன்று.

வியாபாரம் படுத்துவிடாதா?

கடைக்காரரின் அச்சம் நியாயமானது, பதில் சுருக்கமானது. 2003-இல் இது குறித்த 97 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, விற்பனை வரிக் கணக்கு போன்ற கறாரான தரவுகளைக் கொண்டு நன்றாகச் செய்யப்பட்டவை நட்டம் எதையும் காட்டவில்லை. நட்டம் என்று சொன்னவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் புகையிலை நிறுவனங்களின் பணம் இருந்தது. அவை வெளிநாட்டுக் கணக்குகள். நம் ஊர் டீக்கடைக்காரருக்கு டீயோடு சிகரெட் விற்பனையும் ஒரு வருமானம் என்பது அவற்றில் வராது. ஆனால் இந்தப் பிரிவு விற்பதைத் தடுக்கவில்லை, அங்கேயே பற்றவைப்பதைத்தான் தடுக்கிறது.

பலகை, லைட்டர், 200 ரூபாய்

கடைக்காரரின் கடமைகள் குறைவுதான், ஆனால் நுணுக்கமானவை.

1. நுழைவாயிலில் குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் பலகை. மாடி இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று. இங்கே புகைப்பது குற்றம் என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும்.
2. யாரிடம் புகார் சொல்வது என்று ஒருவருடைய பெயரை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். பலகைகளில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த வரிதான்.
3. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர், புகைக்க உதவும் வேறு எதையும் வைத்திருக்கக் கூடாது. பெட்டிக்கடை வாசலில் முன்பெல்லாம் கனன்றுகொண்டிருந்த கயிற்றின் நுனியும் என் கணக்கில் இந்த 'வேறு எதையும்' என்பதில் அடங்கும். கயிற்றுக்குப் பதில் இப்போது நூலில் லைட்டர். விதிக்கு இரண்டும் ஒன்றே.

புகைப்பவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. 2003-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. 20 சிகரெட் கொண்ட பல பாக்கெட்டுகளின் விலை இன்று இதைவிட அதிகம். கடைக்காரருக்குள்ள பிடி வேறு: புகார் வந்தும் அவர் கண்டுகொள்ளாமல் இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றங்களுக்கான அபராதமும் அவர் தலையில். மாலை நேரப் பாரில் 40 பேர் என்றால் 8,000 ரூபாய் வரை. காகிதத்தில் இது கூர்மையான ஆயுதம். கையில் எடுக்க வேண்டியவர்கள் சுகாதார ஆய்வாளர், காவல் சார்பு ஆய்வாளர் போன்ற அதிகாரம் பெற்ற அலுவலர்கள்.

கர்நாடகம் தன் மாநிலத்துக்கு மட்டும் சட்டத்தைத் திருத்தி இந்த அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறது. ஒன்றிய அரசு 2020 முடிவில் வெளியிட்ட வரைவு 2,000 ரூபாயைப் பரிந்துரைத்ததோடு, 30 இருக்கைச் சலுகையையும் உணவகங்களில் தனிப் புகை அறையையும் நீக்கச் சொன்னது. அது சட்டமாகவில்லை.

ஆகவே தனி அறை இன்றும் சட்டப்படி அமைக்கக் கூடியதுதான். அதற்குள் எந்தப் பரிமாறலும் கூடாது என்பதால் சப்ளையர் உள்ளே போக வேண்டியதில்லை. கடை சாத்திய பிறகு, அந்த அறையைக் கூட்டித் துண்டுகளை அள்ள ஒருவர் உள்ளே போகத்தான் வேண்டும். அவரைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை.